சோசலிசமா, முதலாளித்துவமா: சிலியை வைத்து வாதிடுவது எப்படி?

சோசலிசம் தோற்றதா, தோற்கடிக்கப்பட்டதா என்ற கேள்வியில் சிலி நாட்டை இரண்டு அணியினருமே சான்றுக்கு இழுப்பார்கள். நீங்கள் எந்த அணியில் பேசுவதானாலும், முதலில் 1970 முதலான நிகழ்வுகளை ஆண்டு வரிசையில் எழுதி, ஒவ்வொன்றும் சிலியின் தலைநகரான சாந்தியாகோவில் எடுத்த முடிவா, வாஷிங்டனில் எடுத்த முடிவா என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சேராதவையும் உண்டு. சிலியின் முக்கிய ஏற்றுமதியான தாமிரத்தின் விலை உலகச் சந்தையில் சரிந்தது அத்தகையது, பலரும் மறந்துவிடுவதும் அதைத்தான்.

சோசலிசத் தலைவரான சால்வடோர் அலெண்டே 1970 செப்டம்பர் தேர்தலில் 36 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளுடன் முதலிடம் பெற்று, பின்னர் நாடாளுமன்ற வாக்கெடுப்பின் மூலமே அதிபரானார். 1971 ஜூலையில் தாமிரச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் சட்டத்திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது. ஆகவே அதை இடதுசாரிகளின் தனிச் செயலாகக் காட்டுவது சரியாகாது. அதேவேளையில், கூலியை உயர்த்தி, விலைகளைக் கட்டிவைத்து, பற்றாக்குறையை நோட்டு அச்சிட்டு ஈடுகட்டியது அவருடைய அரசே. 1973இல் பணவீக்கம் பல நூறு விழுக்காட்டை எட்டியதற்கு அமெரிக்காவை மட்டும் காரணம் காட்டினால் எதிரணி உங்களை எளிதில் மடக்கிவிடும்.

அமெரிக்கத் தலையீட்டைப் பேசும்போது ஆவணத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. சிலியின் பொருளாதாரத்தை அலறவைக்க வேண்டும் என்ற அமெரிக்க அதிபர் நிக்சனின் உத்தரவு, 1970 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் கைப்பட எழுதிய குறிப்பில் இருக்கிறது. அந்தத் தேர்தலுக்கும், அலெண்டேயை வீழ்த்திய 1973 செப்டம்பர் இராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்கும் இடையில் மறைமுக நடவடிக்கைகளுக்கு எண்பது லட்சம் டாலருக்கு மேல் செலவானது என்று 1975இல் அமெரிக்க மேலவைக் குழு தெரிவித்தது. ஆனால் அந்தக் கவிழ்ப்பில் அமெரிக்கா நேரடியாக ஈடுபட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அதே குழுதான் கூறியது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர் அந்த இடத்திலேயே வாதத்தை இழப்பார்.

முதலாளித்துவத்துக்காகப் பேசுபவர், அந்தக் கவிழ்ப்பில் ஆட்சியைப் பிடித்த படைத்தலைவர் பினோசே ஆட்சியின் வளர்ச்சியை முன்வைக்கும்போதும் இதே அளவுகோல்தான். சிகாகோவில் பயின்ற பொருளியலாளர்களின் தடையற்ற சந்தைத் திட்டத்தோடு, அலெண்டே காலத்தில் நிறுத்தப்பட்ட வெளிநாட்டுக் கடன்கள் மீண்டும் வந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1982இல் உற்பத்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வீழ்ந்தது. மறு ஆண்டு முக்கிய வங்கிகளை அரசே கைக்கொண்டது. தாமிர நிறுவனமான கோடெல்கோவோ இறுதிவரை அரசிடமே இருந்தது. என் பார்வையில், சந்தை அணியினர் பதில் சொல்ல மிகவும் திணறும் இடம் இதுதான்.

சோசலிச அணி அப்படித் திணறும் இடம் கியூபா. 1962 முதலான அமெரிக்கப் பொருளாதாரத் தடையைச் சுட்டுபவர், 1991 வரை சோவியத் ஒன்றியம் சர்க்கரைக்கு உயர்ந்த விலை கொடுத்ததையும், எண்ணெயைச் சலுகையில் தந்ததையும் எதிரணி எடுத்துக்காட்டுவதற்கு முன் தாமே சொல்லிவிடுவது நல்லது.