ஆர்கனுக்கு எழுதியதை ஆர்கெஸ்ட்ராவில் கேட்பது எப்படி: பாக்கின் பாசகாலியாவிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

ஐரோப்பாவின் பரோக் காலத்தில் (ஏறத்தாழ 1600–1750) ஆர்கன் என்னும் குழாய்க் கருவிக்கு எழுதிய இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதிய வடிவங்களைக் கேட்கத் தொடங்குபவரிடம் நான் முதலில் சொல்வது, பத்துப் படைப்புகளை ஒருமுறை கேட்பதைவிட ஒரே படைப்பைப் பத்து முறை, மூன்று நான்கு வடிவங்களில் கேளுங்கள் என்பதுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் ஜொஹான் செபாஸ்டியன் பாக் தம் ஆர்கன் படைப்புகளில் சுரங்களைத் துல்லியமாக எழுதினார். ஆனால் எந்தக் குழாய் வரிசையை ஒலிக்கவிட வேண்டும், எங்கே ஓசை ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை மிக அரிதாகவே குறித்தார். அந்த முடிவுகள் வாசிப்பவரிடமும், அவர் முன்னிருக்கும் கருவியிடமும், அது நிற்கும் தேவாலயத்திடமும் விடப்பட்டிருந்தன. ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது; ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கருவியையும் ஓசையின் அளவையும் அவர் எழுதியே ஆக வேண்டும். பாக் சொல்லாமல் விட்ட இடத்தில் அவர் என்ன சொன்னார் என்று காதால் கண்டுபிடிப்பதில்தான் இந்த வகை இசையின் சுவை இருக்கிறது.

இப்படி மாற்றுவது மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்று கருதுபவர்கள் உண்டு. அவர்களோடு வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. பாக்கே இதைச் செய்தவர் என்பதை மட்டும் நினைவூட்டுவேன். இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி இரண்டு வயலின்களுக்கு எழுதிய ஒரு கான்செர்ட்டோவை (தனிக் கருவிகளும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பாக் தனி ஆர்கனுக்கு மாற்றினார். துணையில்லாத ஒற்றை வயலினுக்குத் தாம் எழுதிய ஒரு முன்னிசையை 1731இல் தம் 29ஆம் கன்டாட்டாவின் (குழுவோடு பாடும் பல பகுதிப் படைப்பு) தொடக்கத்தில் ஆர்கனுக்குக் கொடுத்து, ட்ரம்பெட்டும் டிம்பனி முரசும் சேர்ந்த குழுவை அதற்குத் துணையாக நிறுத்தினார்.

கேட்பதற்கு முன் ஆர்கனின் இயல்பை ஓரளவு தெரிந்துகொள்வது அவசியம். பரோக் ஆர்கனில் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் குழாயின் ஓசை அளவில் மாறுவதில்லை. காற்று சீரான அழுத்தத்தில் நுழைகிறது, விரல் எடுக்கும்வரை சுரம் தேயாமல் நிற்கிறது. ஓசையைக் கூட்ட வேண்டுமானால் ஸ்டாப் என்னும் குமிழ்களை இழுத்து மேலும் குழாய் வரிசைகளைச் சேர்க்க வேண்டும். 8 அடி வரிசை எழுதிய சுரத்தையே ஒலிக்கும். 4 அடி வரிசை ஒரு ஸ்தாயி மேலேயும், 16 அடி வரிசை ஒரு ஸ்தாயி கீழேயும் ஒலிக்கும். ஆகவே ஆர்கனின் ஓசை படிக்கட்டு போலத்தான் ஏறும். வில்லாலும் மூச்சாலும் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவோ ஒரே சுரத்தைச் சிறிது சிறிதாகப் பெருக்கவும் கரைக்கவும் வல்லது. ஆனால் மூச்சு முடியும், வில் திரும்பும், ஆர்கனின் அசையாத நீட்சி அதற்கு எளிதில் வராது. இரண்டுக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது, பாக் படைப்புப் பட்டியலில் 582ஆம் எண்ணுள்ள சி மைனர் பாசகாலியாவும் (திரும்பத் திரும்ப வரும் அடிமெட்டின் மேல் எழும் மாறுபாடுகள்) ஃபியூகும் (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள், அதாவது இசை வரிகள், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்). எல்லோருக்கும் தெரிந்த டி மைனர் டொக்காட்டாவை விட்டு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இதன் அடித்தளம் ஒரே ஒரு மெட்டு என்பதுதான். முதலில் கால்கட்டையில் (ஆர்கனில் காலால் அழுத்தும் கட்டைகள்) மட்டும், துணையேதும் இல்லாமல், எட்டு அளவுகளில் (தாளத்தின் ஒரு சுற்றே ஓர் அளவு) பதினைந்து சுரங்கள் வரும். அதன் மேல் இருபது மாறுபாடுகள் வரும். பிறகு இடைவெளியில்லாமல் ஃபியூக் தொடங்கும்.

அந்தப் பதினைந்து சுரங்களை மனப்பாடம் செய்யாமல் மேலே போகாதீர்கள். கர்நாடக இசை அறிந்தவருக்கு இது மிக எளிது, ஏனெனில் ‘சி’யை ஆதார சட்ஜமாகக் கொண்டால் மெட்டின் சுரங்கள் அனைத்தும் கீரவாணிக்குள் அடங்கிவிடும்: ச, ப, க, ம, ப, த, ம, ப, ரி, க, நி, ச, ம, ப, ச. இவற்றில் நிஷாதம் தொடக்க சட்ஜத்துக்குக் கீழே உள்ளது. கடைசி மூன்று சுரங்களும் அதனினும் கீழே இறங்குகின்றன. முடிவு சட்ஜம் தொடக்க சட்ஜத்துக்கு முழுதாக ஒரு ஸ்தாயி கீழே நிற்கிறது. கமகமில்லாமல், சுரத்தை நேராகப் பிடித்து, மூன்று அட்சர நடையில் நான்கைந்து முறை பாடிப் பாருங்கள். ராகமாக எண்ண வேண்டாம். நினைவில் நிறுத்த ஒரு பிடி வேண்டும், அவ்வளவுதான்.

கேட்கும் சாதனத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நான் இதை முதலில் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்டேன். தொடக்கத்தில் ஏதோ முனகலும் பிறகு நீண்ட நேரம் உச்சி சுரங்களும் மட்டுமே கேட்டன, எல்லோரும் இதைப் போற்றுவது ஏன் என்று விளங்கவேயில்லை. 16 அடி வரிசையில் அந்த முடிவு சட்ஜம் ஏறக்குறைய 33 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கைபேசி அதைத் தராது. காதை மூடும் நல்ல ஹெட்போன் போதும், விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை.

முதல் அமர்வில் ஆர்கன் வடிவத்தை மட்டும் கேளுங்கள். ஒரு மாறுபாட்டுக்கு எட்டு அளவு, அளவுக்கு மூன்று அட்சரம், ஆக மொத்தம் 24 அட்சரம். வாசிப்பவரின் வேகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 25 விநாடி வரும். விரல் விட்டு எண்ணிக்கொண்டே போகலாம். பத்து மாறுபாடுகள் வரை மெட்டு அடியிலேயே, சில இடங்களில் துண்டுபட்டும், நடக்கும். பதினொன்றாவதில் கால் ஓய்ந்துவிட, அதே மெட்டு உச்சிக் குரலில் ஏறி நிற்கும். இதை முதன்முறை நீங்களாகவே கண்டுகொள்ளும் கணம் இனியது. பதினான்கிலும் பதினைந்திலும் இசை மெலிந்து, மெட்டு சிதறிய சுரங்களுக்குள் ஒளிந்திருக்கும். பதினாறில் கால்கட்டை திரும்பும்போது தரை திரும்பி வந்தது போலிருக்கும்.

இனி ஆர்கெஸ்ட்ரா. லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கியின் வடிவம் 1922இல் உருவானது. லண்டனில் பிறந்த அவர் அடிப்படையில் தேவாலய ஆர்கன் கலைஞர். 1912இல் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்பை ஏற்றார். தம் தந்தி வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வில்லைத் திருப்ப வேண்டாம் என்று அவர் விட்டுவிட்டதால், ஒருவர் வில் திரும்பும்போது மற்றவர் வில் ஓடிக்கொண்டிருக்கும், ஓசையில் வெட்டே விழாது. ஆர்கனின் தேயாத நீட்சியை வில்லில் கொண்டுவர இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை. அவர் வடிவத்தில் மெட்டு அடித்தந்திகளில் மெதுவாகத் தொடங்குகிறது. எங்கே எந்தக் கருவி சேர்கிறது என்பதைவிட, எந்த மாறுபாட்டில் அவர் ஓசையைப் பெருக்கத் தொடங்குகிறார், எதில் தணிக்கிறார் என்று கவனியுங்கள். ஆர்கனில் இருபது தனித்தனி அறைகளாகக் கேட்டது இங்கே ஒரே சரிவாக ஏறும்.

இத்தாலிய இசையமைப்பாளர் ஒட்டோரினோ ரெஸ்பீகியின் வடிவம் வேறு மனத்திலிருந்து வந்தது. ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் டொஸ்கானினி கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் எழுத, 1930இல் நியூயார்க்கில் அரங்கேறியது. ஸ்டோகோவ்ஸ்கி தந்திகளை நம்பும் இடங்களில் ரெஸ்பீகி ட்ரம்பெட், ட்ராம்போன், கொம்பு வகைகளை நம்புகிறார். ஓசை கருங்கல் கட்டடம்போல் எழுகிறது. என் காதுக்கு முதல் பத்து மாறுபாடுகளில் ஸ்டோகோவ்ஸ்கியே மேல், ஃபியூகின் இறுதியில் ரெஸ்பீகி. உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம். தீர்ப்பு ஒன்று உருவாகும்வரை கேட்பதை நிறுத்த வேண்டாம். ஐயம் வந்தால் பதினொன்றாம் மாறுபாட்டை மட்டும் மூன்று வடிவங்களிலும் அடுத்தடுத்துக் கேட்டு, உச்சிக்கு ஏறிய மெட்டை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு ஓசையில் என்று ஒப்பிடுங்கள்.

ஃபியூகில் கவனம் வேறு விதமாகச் செல்ல வேண்டும். பாசகாலியா மெட்டின் முற்பாதியே இங்கே கருப்பொருள். அதனோடு கூடவே ஓடும் இரண்டாவது கருப்பொருளும் உண்டு. ஆர்கனில் எல்லாக் குரல்களும் ஒரே நிறத்தில் ஒலிப்பதால் நடுக்குரலில் வரும் நுழைவு பலமுறை நழுவிப்போகும். ஆர்கெஸ்ட்ராவில் அது கொம்பிலோ கிளாரினெட்டிலோ தனித்துத் தெரியும். நுழைவுகளை ஆர்கெஸ்ட்ராவில் கற்றுக்கொண்டு ஆர்கனுக்குத் திரும்பினால், முன்பு கேட்காதது கேட்கும். மாற்று வடிவங்களின் மிகப் பெரிய பயன் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இதே நோக்கத்தைக் கொள்கையாகவே கொண்டவர் ஆஸ்திரிய இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க். 1739இல் அச்சான பாக்கின் ஈ ஃபிளாட் முன்னிசையையும் ஃபியூகையும் அவர் 1928இல் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். பின்னிக்கிடக்கும் குரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக ஒரே வரியைக்கூடக் கருவிக்குக் கருவி மாற்றி நிறம் தீட்டினார். ஃபியூக் மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. முதல் பகுதியின் கருப்பொருள் பின்னிரண்டு பகுதிகளிலும் புதிய கருப்பொருள்களோடு கலந்து திரும்புகிறது. அது ஒவ்வொரு முறையும் எந்த நிறத்தில் வருகிறது என்று தொடர்ந்தாலே போதும்.

ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் பாக்கின் 537ஆம் எண்ணுள்ள சி மைனர் ஃபென்டாசியாவையும் (கட்டற்ற கற்பனையில் நகரும் படைப்பு) ஃபியூகையும் எடுத்துக்கொண்ட கதை சற்று வேறு. மனைவியை 1920இல் இழந்து எழுதுவதையே ஏறக்குறைய நிறுத்தியிருந்தவர், 1921இல் ஃபியூகை மட்டும் எழுதினார். ஃபென்டாசியாவை ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதுவதாகப் பேச்சு இருந்தது. அது நடக்காமல் போகவே 1922இல் அதையும் எல்கரே முடித்தார். ஃபென்டாசியாவில் அவர் அடக்கம் காக்கிறார், துயரம் வெளிப்படையாகவே கேட்கிறது. ஃபியூகிலோ ஹார்ப்பின் வழுக்கல்கள், டம்பூரின், மணியோசை என்று பாக் எழுதாதவற்றையும் தயங்காமல் சேர்க்கிறார். முதல்முறை எனக்கு இது திருவிழாக் கூச்சலாகத் தோன்றியது; பாக்கிடம் இவ்வளவு கருவிகள் இருந்திருந்தால் எப்படிக் கொண்டாடியிருப்பார் என்று காட்டுவதே எல்கரின் விருப்பம் என்று அறிந்தபின் சிரித்துக்கொண்டே கேட்க முடிகிறது.

டி மைனர் டொக்காட்டாவை இவற்றுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோகோவ்ஸ்கியின் வடிவம் 1940இல் டிஸ்னியின் படத்தில் இடம்பெற்று உலகெங்கும் பரவியது. ஆங்கிலேய நடத்துநர் ஹென்றி வுட் 1929இல் தம் வடிவத்தை பால் கிளெனோவ்ஸ்கி என்னும் கற்பனை ரஷ்யரின் பெயரில் அரங்கேற்றிச் சில ஆண்டுகள் இரகசியத்தைக் காத்தார்.

கடைசி அமர்வில் பாசகாலியாவுக்கே திரும்பி, ஃபியூகின் முடிவை மட்டும் ஆர்கனிலும் பின் ஆர்கெஸ்ட்ராவிலும் கேளுங்கள். முடிவுக்குச் சற்று முன், கீரவாணியில் இடமே இல்லாத சுத்த ரிஷபத்தைத் தாங்கிய ஒரு சுரக்கூட்டில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) எல்லாம் நின்றுவிடும். ஆர்கனில் அந்த நிறுத்தத்துக்குப் பின்னான மௌனத்தைத் தேவாலயத்தின் எதிரொலி நிரப்பும். அரங்கில் அது உண்மையான வெறுமையாக இருக்கும், நடத்துநர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பது தெரியாமல் நாம் காத்திருப்போம். பிறகு இசை நகர்ந்து கடைசிச் சுரக்கூட்டில் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக விடிகிறது. ஆர்கனில் அது விரல் எடுக்கும்வரை ஒரே அளவில் நிற்கிறது. ஸ்டோகோவ்ஸ்கியிடம் அது முடியும்வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது.