சானி கணவாய்க்குப் போகிறீர்களா? தலைவலியைச் சும்மா விடாதீர்கள்

டர்பனில் கடல்மட்டத்தில் காலை டீயைக் குடித்துவிட்டு, அன்றைக்கே ஜீப்பில் தென்னாப்பிரிக்கா-லெசோத்தோ எல்லையில் இருக்கும் சானி கணவாயின் உச்சிக்கு, 2,876 மீட்டருக்கு, ஏறிவிடுகிறோம். உடம்பு பழக நேரமே இல்லை. மேலே காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது.

போன முறை மேலே தங்கியபோது, இருட்டும் நேரத்தில் என் அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொண்டுபோன புளிசாதத்தைத் தொடவே இல்லை. பித்தம் என்றுதான் நினைத்தோம். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டல், சோர்வு வந்தால் அதை மலை நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தெளியும்வரை இன்னும் மேலே ஏறக் கூடாது. குறையவில்லையென்றால் கீழே இறங்குவதுதான் மருந்து. அண்ணிக்கும் மறுநாள் இறங்க இறங்கத்தான் முகம் தெளிந்தது.

மேலே தங்குவதானால் முந்தைய இரவை மலையடிவார ஊரான அண்டர்பர்க்கில் கழியுங்கள். மது வேண்டாம். கிளிமஞ்சாரோ (5,895 மீட்டர்) போகிறவர்கள் மலை நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி முன்பே டாக்டரிடம் கேளுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

அப்புறம், ஒருவர் அடிமேல் அடிவைத்து நேர்க்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கீழே இறக்குங்கள், கூடவே ஒருவர் போங்கள்.