வயர்லெஸ் மவுஸ் அடிக்கடி நின்றுபோகிறதா?

பற்றறி புதிதாக இருந்தும் மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்தால், இன்னொன்று வாங்க யாழ்ப்பாணம் ரவுணுக்கு ஓட வேண்டாம். மவுஸின் சிக்னலை வாங்கும், கணினியில் செருகும் சின்ன ரிசீவர் எந்த யூஎஸ்பி துளையில் இருக்கிறது என்று பாருங்கள். பலரும் கவனிக்காத இடம் இதுதான். பக்கத்து யூஎஸ்பி 3.0 துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது எழும் மின் இரைச்சல், மவுஸின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பிவிடும். ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள்; சின்ன எக்ஸ்டென்ஷன் வயரில் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது.

அப்படியும் சரிவரவில்லையா? விண்டோஸில் டிவைஸ் மனேஜர் போய், யூஎஸ்பி துளைகளை இயக்கும் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த கணினி அதை நிறுத்தலாம் என்பதற்கான சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

குருநகர், பருத்தித்துறைக் கரையோரம் இருப்பவர்கள் ரிசீவரின் உலோக முனையையும் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்தால், ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே செருகுங்கள்.