மெல்லோசை, குறுகிய ஓடுபாதை: நகர விமான டாக்சி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகருக்குள் குறுகிய ஓடுபாதையிலிருந்து எழும்பி இறங்கும் சிறு மின்விமானங்களைத்தான் இங்கே விமான டாக்சி என்கிறேன். மின்மோட்டார் பொருத்திவிட்டால் அவற்றின் இரைச்சல் போய்விடும் என்று நம்புவதே முதல் தவறு. சிறு விமானத்தின் இரைச்சலில் பெரும்பங்கு புரொப்பெல்லரிலிருந்துதான் வருகிறது. 2 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,500 முறை சுழன்றால், அதன் நுனி நொடிக்கு 260 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர்தான். சுழற்சியைக் குறைத்து, இதழ்களைக் கூட்ட வேண்டும். 1975இல் முதன்முதலில் பறந்த கனடாவின் டேஷ் 7, பெரிய, மெதுவாகச் சுழலும் நான்கு புரொப்பெல்லர்களால்தான் அமைதியான விமானம் என்று பெயர் எடுத்தது. 1987இல் லண்டன் சிட்டி விமான நிலையம் திறந்தபோது குறுகிய ஓடுபாதையில் அங்கே சேவை தொடங்கியதும் அதுவே.

ஏறும்போது மட்டும் ஒலியை அளப்பது இன்னொரு தவறு. இறக்கையின் முன்விளிம்பில் வரிசையாக நிற்கும் புரொப்பெல்லர்கள் இறக்கையின்மேல் காற்றை ஊதுவதால்தான் இவ்வகை விமானங்கள் மெதுவான வேகத்திலும் தாங்கி நிற்கின்றன. ஆகவே இறங்கும்போதும் மோட்டார்களைத் தணிக்க முடியாது. சாதாரண விமானம் அமைதியாகும் நேரத்தில் இது ஓசை எழுப்பிக்கொண்டே வரும். 24 மணி நேரச் சராசரி டெசிபெல்லில் இது கரைந்துவிடும். ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதே சுருதியில் தலைக்குமேல் கேட்டால், தூங்க முயலும் குழந்தைக்குச் சராசரி எதற்கு உதவும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இதைப் பேசும்போது நகரின் தெற்கே உள்ள மெரிபேங்க், இசிப்பிங்கோ குடியிருப்புகளை மறக்க முடியாது. 2010இல் கிங் ஷாகா விமான நிலையம் திறக்கப்படும் வரை, அங்கிருந்த நம் தமிழ்க் குடும்பங்கள் பழைய விமான நிலையத்தை அண்டியே வாழ்ந்தன. இனி வரும் பறப்புப் பாதைகளை வரையும் முன்பே ஒலிவாங்கிகளை இத்தகைய குடியிருப்புகளின் முற்றங்களில் வைக்க வேண்டும். ஓடுபாதை ஓரத்தில் மட்டும் அளந்துவிட்டு அமைதி என்று அறிவிப்பது நேர்மையல்ல.

எழும்பும்வரை தரையில் ஓடும் தூரமான தரையோட்டத்தையே முழு ஓடுபாதை நீளமாகக் கருதுவது ஆபத்தானது. அமெரிக்காவின் எலக்ட்ரா நிறுவனம் 2023இல் பறக்கவிட்ட, எட்டு மோட்டார் கொண்ட கோல்ட்ஃபிஞ்ச் சோதனை விமானம் சுமார் 50 மீட்டர் ஓடியே எழும்பிக் காட்டியது. அந்தச் சாதனையை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் நகரத்தில் ஓடுபாதை முடிவில் மின்கம்பமும் கட்டடமும் நிற்கும். அவற்றைத் தாண்டும் உயரத்தை எட்டவும், பாதி ஓட்டத்தில் கைவிட்டு நிறுத்தவும் கூடுதல் நீளம் வேண்டும். ஒரு மோட்டார் நின்றால் உந்துவிசையோடு அந்தப் பக்கத்துத் தூக்குவிசையும் குறைந்து விமானம் சாயும். காற்றும் சேர்ந்துகொள்கிறது: மணிக்கு 60 கிலோமீட்டரில் இறங்கும் விமானத்துக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று சிறிய விஷயமல்ல. தென்மேற்குக் காற்று சட்டென்று திரும்பி வீசும் டர்பன் கடற்கரையில் அத்தகைய நாள்கள் அரிதல்ல.

கடல்மட்டத்துக் கணக்கை ஜோகன்னஸ்பர்க்குக்குக் கொண்டுபோகவும் கூடாது. அங்குள்ள ஓ.ஆர். டாம்போ விமான நிலையம் 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. கோடை வெயிலில் இன்னும் குறையும். எழும்ப வேண்டிய வேகம் 8 அல்லது 9 சதவீதம் கூடும். ஓட்டம் அந்த வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப நீளும். புரொப்பெல்லரின் உந்துவிசை குறைவதை இதில் இன்னும் சேர்க்கவில்லை.

மின்கலத்தைப் பற்றி ஒன்று மட்டும். டர்பன் வடக்கில் உள்ள வர்ஜீனியா விமானத் திடலில் காற்று இறங்கவிடாமல் தடுத்தால், ஒருமுறை வட்டமிட்டுவிட்டு கிங் ஷாகாவுக்குப் போய் இறங்கும் அளவுக்கு மின்சாரம் மிஞ்ச வேண்டும். அந்த இருப்பைப் புதிய பேட்டரியை வைத்துக் கணக்கிடக் கூடாது. பல நூறு முறை மின்னேற்றித் தேய்ந்த பேட்டரியை வைத்தே கணக்கிட வேண்டும்.