ஏற்றுமதி ஆர்டருக்கு பேக்கிங் கிரெடிட் வாங்குவது எப்படி?

வெளிநாட்டு ஆர்டர் உறுதியான நாளிலிருந்து பணம் வந்து சேர நாலைந்து மாதம் ஆகிவிடும். நூலுக்கும் சாயப்பட்டறைக்கும் தையல் கூலிக்கும் அதுவரை காத்திருக்கச் சொல்ல முடியாது. திருப்பூர், கரூர் பக்கத்துச் சிறு யூனிட்டுகள் அந்த இடைவெளியில் கந்துவட்டிக்குப் போகாமல் இருக்கத்தான் சரக்கு அனுப்பும் முன்பே உற்பத்திச் செலவுக்கு வங்கி தரும் கடனான பேக்கிங் கிரெடிட்டும், மத்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடும் இருக்கின்றன.

முதலில் காகிதங்கள். ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான ஐ.இ.சி. எண்ணை, வெளிநாட்டு வணிக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் எண் முடங்கும், சுங்கத்துறைக்கான ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில் போட முடியாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும், பின்னலாடை என்றால் ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகமான ஏ.இ.பி.சி.யின் உறுப்பினர் சான்றிதழும் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியின் ஏ.டி. கோடை (அந்நியச் செலாவணி கையாளும் வங்கிக் கிளையின் எண்) சரக்கு கிளம்பும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். தூத்துக்குடிக்குப் பதிந்துவிட்டு, அவசரத்துக்குச் சென்னை விமான நிலையம் வழியாக அனுப்பப் போய் மாட்டிக்கொள்பவர்கள் பலர்.

கடன் தொகை எஃப்.ஓ.பி., அதாவது கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேராத மதிப்பில்தான் கணக்கிடப்படும். ஆர்டர் 26,500 டாலர் சி.ஐ.எஃப். (அவை இரண்டும் சேர்ந்த விலை), அதில் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் 1,500 என்று வைத்துக்கொள்வோம். மீதி 25,000 டாலர், 85 ரூபாய் வீதம் 21,25,000 ரூபாய். வங்கி 10 சதவீதம் மார்ஜின் (நீங்கள் கைப்பணமாகப் போட வேண்டிய பங்கு) கேட்டால் கைக்கு வருவது 19,12,500. மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும். முழுத் தொகையையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். நூலுக்கு ஒரு பகுதி, சாயத்துக்கு ஒரு பகுதி என்று எடுத்தால் வட்டி குறையும்.

தவணை நாளை இறுக்கமாகக் கேட்பதுதான் பெரிய தவறு. உற்பத்திக்கு 60 நாள் போதும் என்று தோன்றும்; பையர் சாம்பிளை ஒப்புக்கொள்ளவே மூன்று வாரம் போய்விடும். 120 நாள் கேளுங்கள். கடன் வாங்கிய 360 நாளுக்குள் ஏற்றுமதி ஆவணம் வங்கிக்குப் போகவில்லை என்றால், முதல் நாளிலிருந்தே ஏற்றுமதிக் கடன் வட்டி பறிபோய் உள்நாட்டு வட்டி விழும். இந்தப் பணத்தில் மெஷின் வாங்கவே கூடாது. ஆர்டர் ரத்தானால் உடனே எழுத்து மூலம் வங்கிக்குச் சொல்லி, வேறு ஆர்டரை அதன் இடத்தில் வைக்க அனுமதி கேளுங்கள்.

சரக்கு ஏறியதும் 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுத்துவிட வேண்டும். வங்கி அந்த பில்லை டிஸ்கவுண்ட் செய்து, அதாவது பையர் பணம் தரும் முன்பே கழிவு போகத் தொகையைக் கொடுத்து, அதில் பேக்கிங் கிரெடிட்டை அடைக்கும். பையர் 60 நாள் கழித்துப் பணம் அனுப்பினாலும் அடுத்த ஆர்டருக்கான லிமிட் உடனே திறந்துவிடும். சிறு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

வங்கி இ.சி.ஜி.சி. கவர் எடுத்திருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது வங்கியின் நஷ்டத்துக்கு மட்டுமே. பையர் ஏமாற்றினால் கடன் உங்கள் தலையில்தான். உங்களுக்கென்று தனி பாலிசி வேண்டும். ஆண்டு ஏற்றுமதி 5 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான சிறு ஏற்றுமதியாளர் பாலிசியில், பையர் திவாலாவது போன்ற வணிக நஷ்டத்துக்கு 95 சதவீதமும், போர், பணப் பரிமாற்றத் தடை போன்றவற்றுக்கு 100 சதவீதமும் கிடைக்கும். அனுப்பும் முன்பே அந்த பையர் பெயரில் இ.சி.ஜி.சி.யிடம் கிரெடிட் லிமிட் (எவ்வளவு தொகைவரை காப்பீடு என்ற ஒப்புதல்) வாங்கியிருக்க வேண்டும். தாமதமான தொகைகளைக் காலத்தோடு அறிவிக்காவிட்டால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். தரம் சரியில்லை என்று பையர் தகராறு செய்தால், அது தீரும்வரை பணம் வராது. அதனால் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இரண்டையும் பணம் வரும்வரை பத்திரமாக வையுங்கள்.

ஏற்றுமதிக் கடனுக்கான மத்திய அரசின் பழைய வட்டிச் சலுகைத் திட்டம் 2024 டிசம்பர் 31-ல் முடிந்துவிட்டது. அதை நம்பி பையருக்கு விலை சொல்லாதீர்கள். இப்போதைய வட்டியை அனுமதிக் கடிதத்தில் பார்த்த பிறகே கோட் செய்யுங்கள். முழு ஆவணங்களோடு தரும் புது விண்ணப்பத்தை 45 நாளிலும், புதுப்பித்தலை 30 நாளிலும் வங்கி முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள்.