நீட்சே எந்த ஊர்க்காரர்? அரிய ஜெர்மன் குடும்பப் பெயரின் வேரைத் தேடும் முறை

ஒரு ஜெர்மன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, இன்று அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் அகராதியில்தான் தொடங்குவார்கள். என் கட்சி வேறு. முதலில் ஊரைத் தேடுங்கள். பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஊர் தெரியாமல் பொருள் தேடினால் ஒரே பெயருக்கு நாலு விளக்கம் கிடைக்கும், நாலும் சரி போலவே தோன்றும்.

இதற்கு ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. இணையம், ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும். எடுத்துக்காட்டாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரையே வைத்துக்கொள்வோம்: தத்துவ அறிஞர் பிரீட்ரிக் நீட்சே. 1844இல் லூட்சன் அருகே ரோக்கன் என்ற சிற்றூரில், ஒரு லூத்தரன் போதகரின் மகனாகப் பிறந்தவர். ஆள் உலகப் புகழ் பெற்றவர், ஆனால் அவர் பெயர் அதே எழுத்துக்கூட்டலில் ஜெர்மனியிலேயே அரிது.

முதல் படி: எழுத்துக்கூட்டல்களைச் சேகரியுங்கள்

தொடக்கக்காரர்கள் அவசரப்பட்டுத் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீட்சே என்பதை ஜெர்மனில் ஒன்பது எழுத்துகளில் எழுதுவார்கள்: என், ஐ, ஈ, டி, இசட், எஸ், சி, எச், ஈ. நோட்டில் மேலே இதை எழுதிக்கொள்ளுங்கள். ஜெர்மனில் ஐயும் ஈயும் சேர்ந்து வந்தால் அது நம் நெடில் 'ஈ'. அந்த முதல் ஈயை எடுத்துவிட்டால் குறிலாகி 'நிட்ஷே' ஆகும், இது எட்டெழுத்து. அதிலிருந்து இசட்டையும் எடுத்தால் ஏழெழுத்து நிட்ஷே. ஒலி ஏறக்குறைய அதேதான். இசட் இல்லாமல் நெடில் மட்டும் உள்ள வடிவமும் உண்டு. கடைசியில் 'கே' ஒட்டினால் நிட்ஷ்கே, 'மன்' ஒட்டினால் நிட்ஷ்மன். எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

இத்தனை வடிவங்கள் ஏன்? ஜெர்மன் பேரரசு முழுவதற்குமான குடிமைப் பதிவுச் சட்டம் 1876 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு குடும்பத்தின் பெயரை எப்படி எழுதுவது என்பதை ஞானஸ்நானப் பதிவேட்டில் பேனா பிடித்த போதகரின் காதுதான் முடிவு செய்தது. அப்பன் ஒரு எழுத்துக்கூட்டல், மகன் இன்னொன்று என்று இருப்பது சர்வ சாதாரணம். பதிவகம் வந்த பிறகு, அந்த நேரத்தில் எது எழுதப்பட்டிருந்ததோ அதுவே நிலைத்துவிட்டது. ஆகவே ஒரு எழுத்துக்கூட்டல் அரிதாக இருந்தால் பெயரே அரிது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீட்சே அரிது, நிட்ஷே வகையறா அப்படியொன்றும் அரிதில்லை.

பழைய ஏடுகளில் பெண்களின் குடும்பப் பெயருக்குப் பின்னால் 'இன்' சேர்த்திருப்பார்கள். நிட்ஷே வீட்டுப் பெண் 'நிட்ஷின்' என்று பதிவாகியிருப்பாள். இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் விட்டால் குடும்பத்தில் பாதிப் பேர் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.

இரண்டாம் படி: இன்று எத்தனை பேர்?

ஜெர்மன் குடும்பப் பெயர் ஆய்வில் பெரும்பாலும் பயன்படுவது 2005ஆம் ஆண்டின் தொலைபேசித் தரவு. டாய்ச்ச டெலிகாமின் தனியார் தரைவழி இணைப்புகள் சுமார் 2.8 கோடி; அவற்றில் ஏறக்குறைய எட்டரை லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். செல்போன் வந்து தரைவழித் தொலைபேசியை ஓரங்கட்டுவதற்கு முன் எடுத்த படம் என்பதால்தான் இதற்கு இன்னும் மதிப்பு. கொன்ராட் குன்ட்சே, டமாரிஸ் நூப்லிங் இருவரின் தலைமையில் உருவான ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபடத் தொகுப்பும், மைன்ஸ் அறிவியல் அகாதெமியின் இணைய அகராதியும் இந்தத் தரவின் மேல்தான் நிற்கின்றன. அகராதியின் முகவரி நாமன்ஃபோர்ஷுங் டாட் நெட். 2012இல் தொடங்கிய பணி, இன்னும் நடக்கிறது. இலவசம்தான்.

தேடுபெட்டியில் உங்கள் பட்டியலில் உள்ள வடிவங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். கிடைப்பது இணைப்புகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. அன்றைய மக்கள்தொகை சுமார் 8.2 கோடி, அதை 2.8 கோடியால் வகுத்தால் ஓர் இணைப்புக்கு மூன்று பேருக்குச் சற்றுக் குறைவு. 100 இணைப்பு என்று வந்தால் கிட்டத்தட்ட 290 பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு பெரிய பெயர்களுக்கு நன்றாக ஒத்துவரும். முப்பது நாற்பது இணைப்பு மட்டுமே உள்ள பெயருக்கு வந்தால் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள் தனித்தனியே குடித்தனம் போனாலே எண் குதித்துவிடும். அப்படிப்பட்ட பெயருக்குத் தசமப் புள்ளி வைத்துச் சதவீதம் போடுவதில் அர்த்தமில்லை. "சில நூறு பேர்" என்று எழுதுவதுதான் நேர்மை. உலகம் முழுவதுக்குமான எண்ணிக்கை தரும் தளங்களும் இருக்கின்றன; அவற்றில் வருவது மதிப்பீடு. அதையும் தொலைபேசிக் கணக்கையும் ஒரே அட்டவணையில் கலக்க வேண்டாம்.

மூன்றாம் படி: வரைபடம்

அதே பெயரை வரைபடத்தில் பாருங்கள். இரண்டு வகை வரைபடம் கிடைக்கும்: மொத்த எண்ணிக்கை காட்டுவது, மக்கள்தொகைக்கு எத்தனை என்று காட்டுவது. முதல் வகையில் எந்தப் பெயரைப் போட்டாலும் பெர்லின் கறுத்துத் தெரியும், ஏனென்றால் அங்கே எல்லாப் பெயரும் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

இசட் உள்ள எட்டெழுத்து நிட்ஷே கிழக்கே சாக்சனியில் குவிகிறது. இசட் இல்லாத ஏழெழுத்து நிட்ஷே அப்படி ஓரிடத்தில் நிற்காமல் மேற்கு, தெற்கு என்று பரவிக் கிடக்கிறது. இதைப் பார்த்து "இந்தக் குடும்பங்கள் ஊர் சுற்றிகள்" என்று எழுதிவிடாதீர்கள். இசட் இல்லாத வடிவம் சிலேசியாவில் வழங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சிலேசியா போலந்திடம் போனதும் அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்குப் பகுதிகளிலிருந்து அப்படி வந்தவர்கள் மொத்தம் ஒரு கோடிக்கும் மேல். அவர்கள் கிடைத்த இடத்தில் குடியமர்ந்தார்கள். 2005 வரைபடத்தில் தெரிவது அந்தச் சிதறல்தான். கிழக்கத்திப் பெயர் ஒன்று இன்று நாடெங்கும் பரவியிருந்தால் முதலில் 1945ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் போருக்கு முந்தைய நிலையை எங்கே பார்ப்பது? முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள் கைகொடுக்கும். இறந்தவர், காயமுற்றவர், காணாமல் போனவர் பெயர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயருடன் அச்சானவை. ஜெர்மனியின் கணினிவழிக் குலமரபு ஆய்வுச் சங்கத்துத் தன்னார்வலர்கள் சுமார் 85 லட்சம் பதிவுகளைத் தேடக்கூடிய வடிவில் ஏற்றியிருக்கிறார்கள். இதுவும் இலவசம். சோகமான ஆவணம், ஆனால் 1914 வாக்கில் ஒரு பெயர் எந்தெந்தக் கிராமத்தில் இருந்தது என்பதை இதுபோல் காட்டும் மூலங்கள் குறைவு. கிடைக்கும் ஊர்களை நோட்டில் எழுதி, ஒரே வட்டாரத்தில் விழுபவற்றைச் சுழித்து வையுங்கள்.

நான்காம் படி: இப்போது பொருள்

ஜெர்மன் குடும்பப் பெயர்கள் ஐந்து வழிகளில் பிறந்தவை: தகப்பன் பெயர், தொழில், வந்த ஊர், குடியிருந்த இடம், பட்டப்பெயர். நம் பெயர் முதல் வகை.

நிக்கோலாஸ் என்ற புனிதர் பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் 'நிட்ஸ்'. கிழக்கு ஜெர்மனியில் பக்கத்து வீட்டில் பேசப்பட்டது ஸ்லாவிய மொழி. அங்கே செல்லப்பெயருக்கு 'ஷ்' ஒலியுள்ள விகுதி சேர்ப்பார்கள். இரண்டும் கலந்து நிட்ஷே. பிரீட்ரிக் 'ஃபிரிட்ஸ்' ஆகி, ஃபிரிட்ஸ் 'ஃபிரிட்ஷே' ஆனதும் இதே அச்சுதான். இப்படி ஓர் இணை கிடைத்தால் நம் விளக்கத்துக்கு நல்ல பலம். எழுத்தும் சாட்சி சொல்கிறது: டி, இசட், எஸ், சி, எச் என்று ஐந்து மெய்யெழுத்துகளை நெருக்கி எழுதுவது சாக்சனி எழுத்தர்களின் பழக்கம். லைப்சிக் பக்கத்து டெலிட்ஷ் ஊரின் பெயரிலும் அதே ஐந்தெழுத்துக் கூட்டம் அப்படியே இருக்கிறது.

வேறு விளக்கங்களையும் சோதித்துவிடுங்கள். 'நிட்ஸ்' என்பது நைட்ஹார்ட் என்ற பழைய ஜெர்மானியப் பெயரின் சுருக்கமாகவும் இருக்கலாம். சாக்சனியில் வூர்ட்சன் அருகே நிட்ஷ்கா என்றே ஓர் ஊர் உண்டு; நிட்ஷ்கே என்ற பெயருள்ள சிலர் அங்கிருந்து வந்தவர்களாகக்கூட இருக்கலாம். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? இங்கேதான் முந்தைய படியின் வரைபடம் உதவும். ஸ்லாவியர்களும் ஜெர்மானியர்களும் கலந்து வாழ்ந்த வட்டாரத்தில் பெயர் குவிந்திருக்கிறது. ஆக நிக்கோலாஸ் விளக்கமே வலுவானது.

ஐந்தாம் படி: ஏட்டுக்குள் இறங்குதல்

உங்கள் பட்டியலில் மிஞ்சிய ஊர் எந்தப் பங்கை (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தை) சேர்ந்தது என்று தெரிய வேண்டும். சாக்சனிக்கென்றே வரலாற்று ஊர் அட்டவணை ஒன்று இணையத்தில் உள்ளது. ஊர்ப்பெயரைப் போட்டால் அந்த ஊர் எந்தத் தேவாலயத்துக்கு உட்பட்டிருந்தது என்று சொல்லிவிடும். அப்புறம் பதிவேட்டுக்குப் போகலாம். சீர்திருத்தத் திருச்சபை ஏடுகளுக்கு ஆர்க்கியோன் தளம் (கட்டணம் உண்டு), கத்தோலிக்க ஏடுகளுக்கு மாட்ரிகுலா (இலவசம்). எல்லாப் பங்கும் ஏற்றப்பட்டிருக்காது. இல்லையென்றால் அந்தத் திருச்சபையின் ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம்தான். 1876க்குப் பிந்தைய குடிமைப் பதிவுகளில் பிறப்பு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு கழிந்த பிறகே பொதுப் பார்வைக்கு வரும்.

எழுத்து நம்மை முதலில் மிரட்டும். குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்து. அதில் சிறிய ஈ என்பது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குட்டிக் கோடுகள். 'என்' என்ற ஜெர்மன் எழுத்தும் அப்படியேதான் இருக்கும். நீட்சேவில் ஐக்குப் பின் வரும் ஈ அந்த இரண்டு கோடுதான். பேனா கொஞ்சம் நழுவினால் நெடில் குறிலாகிவிடும், கணினியில் ஏற்றியவர் கண் நழுவினாலும் அப்படியே. இதற்கு ஒரு வழி: அதே பக்கத்தில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயரைக் கண்டுபிடியுங்கள், உதாரணமாக யோஹான் அல்லது மரியா. அந்த எழுத்தர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று அதிலிருந்து ஒரு சின்னப் பட்டியல் வரைந்துகொண்டு, பிறகு தேடும் பெயரைப் படியுங்கள்.

தலைமுறைகளை இன்றிலிருந்து பின்னோக்கித்தான் கோக்க வேண்டும். நீட்சேயின் தந்தைவழித் தாத்தா ஐலன்புர்க்கில் திருச்சபை மேற்பார்வையாளர். பிப்ரா என்ற சிற்றூரில் 1756இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பிப்ராவில் வரி வசூல் அதிகாரி. அந்தக் கொடியைப் பிடித்து இன்னும் பின்னே போனால் சாக்சனியின் கிழக்கே மேல் லவுசிட்ஸ் பகுதியில் உள்ள புர்க்காவ் என்ற கிராமத்துக்கு வந்து சேர்கிறோம். இன்றைய பின்கோடு 01906.

ஆறாம் படி: வீட்டுக் கதையை உரசிப் பாருங்கள்

நீட்சே தன் முன்னோர் போலந்துப் பிரபுக்கள் என்று நம்பினார். குடும்பத்தின் அசல் பெயர் நீட்ஸ்கி, புராட்டஸ்டண்டுகளாக இருந்ததால் மத நெருக்கடி தாங்காமல் ஓடிவந்தவர்கள் என்பது கதை. அவரே பெருமையாக எழுதியும் வைத்தார். 1930களில் அவருடைய உறவினரும் வைமார் நீட்சே காப்பகத்தின் பொறுப்பாளருமான மாக்ஸ் ஓலர் பதிவேடுகளைப் புரட்டி முன்னோர் அட்டவணை தயாரித்தார். பிரபுவும் இல்லை, போலந்தும் இல்லை. அத்தனையும் ஜெர்மன் பெயர்கள்.

ஆனால் கதையை முழுப்பொய் என்றும் தள்ள முடியாது. பெயரின் வாலில் ஸ்லாவிய விகுதி இருக்கிறது. புர்க்காவுக்குப் பக்கத்திலேயே சோர்பியர் என்ற ஸ்லாவியச் சிறுபான்மையினர் இன்றும் வாழ்கிறார்கள். வாய்மொழிக் கதையில் இப்படி ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். அதனால் கதையைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுக் கடைசியில் ஒப்பிடுங்கள். முதலிலேயே கையில் எடுத்தால் கண்ணுக்குப் படுவதெல்லாம் போலந்தாகவே தெரியும்.

இன்னொன்று: இன்று அதே பெயருள்ள ஒருவரைப் பார்த்து "நீங்கள் தத்துவ அறிஞரின் வாரிசா?" என்று கேட்காதீர்கள். நீட்சேவுக்குப் பிள்ளைகள் கிடையாது, தம்பி சிறு குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டான். "உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்" என்று கேடயப் படம் அச்சடித்து விற்கும் கடைகளுக்கும் காசு கொடுக்காதீர்கள். ஜெர்மன் மரபில் சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது யாருக்கும் சொந்தமாகாது.

பழகிப் பார்க்க ஒரு பெயர்

நீங்களே செய்து பார்க்க 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் பெயரைத் தருகிறேன். அவர் பிறந்த புல்ஸ்னிட்ஸ், புர்க்காவுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது, பின்கோடு 01896. பெயரின் முன்பாதி ஆடு, பின்பாதி தோல். எழுத்தில் கடைசியில் ஜி இருந்தாலும் ஜெர்மானியர் வாயில் அது க் என்றே ஒலிக்கும். ஆகவே கே போட்டும், சி-கே போட்டும் தேடுங்கள். பழைய ஆங்கில நூல்களில் கடைசியில் ஒரு எச் கூடுதலாக வரும். தோல் பதனிடுபவரா, தோல் வணிகரா, வெறும் பட்டப்பெயரா என்பதை வரைபடத்தைப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.