தனியாக இருக்கும் பெரியவர், கூடவே இருக்கும் நண்பர்: பணத்தில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

ஊரில் பெரியப்பா தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரியம்மா தவறிவிட்டார். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும். காலை நடையில் பழக்கமான ஒருவர்தான் இப்போது எல்லாம். மாத்திரை வாங்கித் தருகிறார், கரண்ட் பில் கட்டுகிறார், வண்டியில் வங்கிக்குக் கூட்டிப்போகிறார். ஒருநாள் பேச்சுவாக்கில், "அவருக்கு ஒரு அவசரம், கொஞ்சம் பணம் கொடுத்தேன்" என்கிறார் பெரியப்பா. எவ்வளவு என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

இப்படி ஒரு நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நண்பரை வீட்டுப் பக்கம் வராதே என்று விரட்டுவதில் ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் மாதத்துக்கு ஒருமுறை வருகிறீர்கள், அவர் தினமும் வருகிறார். சண்டை என்று வந்தால் பெரியவர் யார் பக்கம் நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையைத் தள்ளி வைத்துவிட்டு, பணம் வெளியே போகிற வழிகளை ஒவ்வொன்றாகப் பெரியவர் கையாலேயே அடைக்க வேண்டும். நண்பர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

படி 1: சும்மா கவனியுங்கள்

கடன் கேட்பதால் மட்டும் ஒருவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிட மாட்டார். கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. நீங்கள் போனில் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே இருப்பது. "பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, நமக்குள்ள இருக்கட்டும்" என்ற பேச்சு. பாஸ்புக்கோ செக் புத்தகமோ அவர் வீட்டில் இருப்பது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டெபாசிட்டை நடுவில் உடைத்தது. நகை லாக்கரில் இருக்கிறதா அடகில் இருக்கிறதா என்பதற்கு நேரான பதில் வராதது. இதில் ரகசியம்தான் முக்கியமான அறிகுறி. மற்ற எல்லாவற்றுக்கும் வேறு விளக்கம் இருக்கக்கூடும்.

தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் வக்கீலிடமோ போலீஸிடமோ போக நேர்ந்தால் "எப்போதோ சொன்னார்" என்பது எடுபடாது.

படி 2: பெரியவரிடம் பேசுவது

தனியாக இருக்கும்போது பேசுங்கள். "உங்களை ஏமாத்துறான் பெரியப்பா" என்று தொடங்கினால், தான் ஏமாந்தவன் என்று ஒப்புக்கொள்ளும் நிலையில் அவரை நிறுத்துகிறீர்கள். நாற்பது வருடம் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்பாதித்தவர் அதற்கு ஒத்துக்கொள்வாரா? வேறு வழியாக வாருங்கள்:

"பெரியப்பா, அவசரத்துக்கு ஆஸ்பத்திரின்னா உங்க இன்ஷூரன்ஸ் எங்க இருக்கு, எந்த பேங்க்ல என்ன இருக்குன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிடலாமா?"

இந்தக் கோரிக்கையில் குற்றச்சாட்டு இல்லை. ஃபைல் போட உட்கார்ந்தாலே பாதி விஷயம் தானாக வெளியே வந்துவிடும்.

அவருக்கு இன்னொரு உதவியும் தேவைப்படும். நம் ஊரில் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்வது பலருக்கும் முடியாத காரியம். அதனால் சொல்வதற்கு ஒரு சாக்கு கொடுத்துவிடுங்கள். "பணமெல்லாம் டெபாசிட்ல மாட்டிக்கிச்சு, எடுக்கணும்னா பையனைக் கேட்கணும்" என்று பழியை உங்கள் மேல் போடச் சொல்லுங்கள். கெட்ட பெயர் உங்களோடு போகட்டும்.

படி 3: பாஸ்புக்கைப் படிப்பது

கடைசி ஒரு வருடத்துக்குப் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்குங்கள். இடம் போதவில்லை என்றால் ஸ்டேட்மென்ட் கேட்கலாம். அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காருங்கள்.

பென்ஷன் வரவு வைத்த தேதியை முதலில் பாருங்கள், அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ என்ன போயிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு மாதமும் அதே நாளில் ஏடிஎம்மில் பத்தாயிரம், மறுபடி பத்தாயிரம் என்று போயிருந்தால், "இது நீங்க எடுத்ததா?" என்று கேளுங்கள். முட்டிவலியோடு இருப்பவர் ஊருக்கு வெளியே இருக்கும் ஏடிஎம்முக்குப் போயிருக்க மாட்டார். யுபிஐ வரிகளில் பெரும்பாலும் பணம் பெற்றவரின் பெயரோ பெயரின் ஒரு துண்டோ இருக்கும். செக் என்றால் எண் இருக்கும், அதைச் செக் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஒப்பிடுங்கள். அடிக்கட்டை காலியாக இருந்து இலை மட்டும் கிழிக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் செக் இன்னும் வங்கிக்கு வரவில்லை என்றால், அந்தச் செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று பெரியவர் வங்கிக்கு (ஸ்டாப் பேமென்ட்) எழுதிக் கொடுக்கலாம். ஆனால் உண்மையான கடனுக்காகக் கொடுத்த செக்கை இப்படி நிறுத்தினால் வழக்கு அவர் மேலேயே வரும். அதனால் எதற்காகக் கொடுத்தது என்று கேட்ட பிறகே எழுதுங்கள்.

அவர் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடலாம். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

படி 4: போன் நம்பர், கார்டு, கைரேகை

பலரும் தவறவிடுவது இது. வங்கிக் கணக்கோடு இணைத்திருக்கும் கைப்பேசி எண் யாருடையது? பெரியவருக்கு ஸ்மார்ட்போன் பழக்கமில்லை என்று, கணக்கு தொடங்கும்போது கூட வந்த நண்பர் தன் நம்பரைக் கொடுத்திருப்பார். நல்ல எண்ணத்திலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் இப்போது ஓடிபியும் குறுஞ்செய்தியும் அவருக்குத்தான் போகின்றன. பெரியவரே கிளைக்குப் போய் எண்ணை மாற்ற வேண்டும். போக முடியாத நிலை என்றால், 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்ய ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மேலாளரிடம் கேளுங்கள்.

ஏடிஎம் கார்டின் கவரைத் திருப்பிப் பாருங்கள். பின் நம்பர் அதிலேயே எழுதியிருக்கும்! கார்டை முடக்கிப் புதிதாக வாங்குங்கள், அப்படியே தினசரி வரம்பையும் குறைத்துவிடுங்கள்.

ஆதார் கைரேகையை வைத்தும் பணம் எடுக்கலாம். ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ பயோமெட்ரிக் லாக் போட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். லாக்கர் வைத்திருந்தால், அது திறக்கப்பட்ட அன்றே குறுஞ்செய்தி வர வேண்டும் என்பது விதி. அது எந்த நம்பருக்கு வருகிறது என்று பாருங்கள்.

படி 5: இரண்டு கணக்கு

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பென்ஷனும் டெபாசிட்டும் இருக்கும் கணக்குக்குக் கார்டு, செக் புத்தகம், யுபிஐ எதுவும் வேண்டாம். வேறொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, வீட்டுச் செலவுக்குத் தேவையான தொகை மட்டும் மாதாமாதம் அதற்குத் தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதிக் கொடுங்கள். கார்டு அதற்கு மட்டும். அதிலிருந்து அவர் யாருக்கு டீ வாங்கிக் கொடுத்தாலும், நண்பர் மகள் கல்யாணத்துக்கு மொய் வைத்தாலும் நீங்கள் கேட்காதீர்கள். அது அவர் பணம்.

உங்கள் பெயரையும் கணக்கில் சேர்ப்பதாக இருந்தால் "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்ற வகையைக் கேளுங்கள். முதல் பெயர்காரர் இருக்கும்வரை அவர் மட்டுமே பணம் எடுக்க முடியும். நீங்களும் எடுக்கும்படி வைத்தால் அடுத்த சந்தேகம் உங்கள் மேல்தான். உறவுக்காரர்களே சுருட்டுவதும் ஊரில் நடக்காத கதையில்லை. அதனால் செய்வதையெல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் தெரியும்படி செய்யுங்கள்.

படி 6: கொடுத்த கைமாற்று

ஏற்கெனவே கொடுத்த பணத்துக்கு எழுத்து இல்லை என்றால் இப்போதாவது வாங்குங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோ நோட்டு (கடனைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்ட சீட்டு) போதும். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பசங்க கணக்கு கேட்பாங்க, எழுதி வெச்சிடு" என்று பெரியவரே கேட்கட்டும். உண்மையான நண்பர் எழுதிக் கொடுப்பார். இழுத்தடித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. கெடு முடிவதற்குள் ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுத்தாலும் நோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி, திருப்பிக் கொடுத்தவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். இனிமேல் கொடுப்பதாக இருந்தால் வங்கி மூலம் மட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. ரொக்கம் தர மறுக்க அவருக்கு இது இன்னொரு சாக்கு.

ஜாமீன் கையெழுத்து மட்டும் கூடவே கூடாது. கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக ஜாமீன்தாரரிடமே வங்கி வரலாம்.

படி 7: வீடு, நிலம்

பத்திரப் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். ஊர், சர்வே எண் கையில் இருந்தால் போதும். ஆனால் எல்லாமே அதில் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உயில் அதில் வராது. யாருக்காவது பவர் (தன் சார்பில் சொத்தைக் கையாளும் அதிகாரம்) எழுதிக் கொடுத்தாரா என்பதைப் பெரியவரிடமே கேளுங்கள். கொடுத்திருந்தால், ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, பவர் வாங்கியவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பவர் வாங்கியவர் அந்தச் சொத்துக்காகப் பணம் கொடுத்திருந்தால் ரத்து செய்வது சிக்கல், நேராக வக்கீலிடம் போங்கள்.

உயிலும் செட்டில்மென்டும் ஒன்றல்ல. உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தான செட்டில்மென்ட் பதிவானதும் சொத்து கைமாறிவிடுகிறது, பிடிக்கவில்லை என்று தானாகத் திரும்ப எடுக்க முடியாது. "கடைசிவரைக்கும் உங்களைப் பார்த்துக்கிறேன், வீட்டை எழுதிக் கொடுங்க" என்று யார் கேட்டாலும், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி செய்கிறது. எழுதி வாங்கியவர் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை, வெளியாளுக்கும் பொருந்தும். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது, 2025 தொடக்கத்தில் வந்த தீர்ப்பு பெரியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாக விளக்கியது. எதற்கு வம்பு, தெளிவாக எழுதிவிடுங்கள்.

படி 8: பணம் போய்விட்டால்

ஆன்லைனில் போன பணம் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு. நம்பிக் கொடுத்த நகை, பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து என்றால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் நம்பிக்கை மோசடிக்கு 316-ஆம் பிரிவு, ஏமாற்றுதலுக்கு 318-ஆம் பிரிவு. எழுதிக் கொடுத்த சொத்து என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு. எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லையா? மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, சட்ட உதவிக்கு 15100.

பெரியவர் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால்

புத்தி தெளிவாக இருக்கும்போது தன் பணத்தை வீணாக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் கட்டாயப்படுத்தினால் கதவு மூடிவிடும். நம்பர் மாற்றம், கார்டு மாற்றம் என்று சின்னதாக ஒன்றிரண்டுக்கு மட்டும் சம்மதம் வாங்கிவிட்டு, அடிக்கடி போய் வாருங்கள்.

மறதி கூடுகிறது, கொடுத்ததையே மறுபடி கொடுக்கிறார், நோட்டு எண்ணத் தடுமாறுகிறார் என்றால் அது வேறு விஷயம். நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ காட்டி, மனநிலையைப் பற்றி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட கையெழுத்துகளை எதிர்த்து வழக்காட அதுதான் முதல் ஆவணம். வங்கி மேலாளரிடம் ஒரு நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் வாங்கி அந்த ஃபைலிலேயே வையுங்கள்.